வாசகர் கேள்வி – பதில்: கண்மாய்த் தண்ணீரும் மரபணுவும்

ரசாயனக் கழிவுகள் மீன், பூச்சி, பறவை ஆகியவற்றின் மரபை எப்படி மாற்றுகின்றன என்பது பற்றி மதுரை, திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊர்க் கண்மாயில் சில வருடங்களாகச் சாக்கடை கலக்கிறது. ஆரம்பத்தில் மீன்கள் செத்து மிதந்தன. இப்போது அப்படி இல்லை, வலை போட்டால் மீன் விழுகிறது. மீன்கள் பழகிவிட்டன, கண்மாய் தேறிவிட்டது என்கிறார்கள். சரியா?
– வாசகர், மேலூர்

வலையில் விழுவது என்ன மீன் என்று முதலில் பாருங்கள். ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மட்டுமே என்றால் அங்கே எந்த மீனும் பழகவில்லை. பழைய மீன்கள் அழிந்த இடத்தில் வேறு மீன்கள் குடியேறியிருக்கின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தி மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும். ஜிலேபி ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும்.

கெண்டை, உழுவை, விரால் என்று முன்பிருந்த மீன்களே இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஒன்று உடல் பழக்கம். நஞ்சு உள்ளே போனதும் கல்லீரல் அதைச் சிதைக்கும் நொதிகளையும் உலோகங்களைப் பிடித்துவைக்கும் புரதங்களையும் கூடுதலாகச் சுரக்கும். நல்ல தண்ணீருக்கு மாற்றினால் சில வாரங்களில் இது அடங்கிவிடும், மரபணுவில் பதியாததால் பேரக்குஞ்சு வரை போகாது. இன்னொன்று இயற்கைத் தேர்வு. தாங்க முடியாதவை செத்து, தற்செயலாகத் தாங்கும் மரபணு வைத்திருந்தவை மட்டும் மிஞ்சி இனம் பெருக்கியிருக்கும்.

எது நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மீனைப் பிடித்து நல்ல தண்ணீரில் இரண்டு தலைமுறை வளர்த்து, பேரக்குஞ்சுகளை அந்த நஞ்சில் விட்டுச் சோதிக்க வேண்டும். முதல் தலைமுறைக் குஞ்சுகளில் நிறுத்திக்கொண்டால் கணக்கு தவறும். தாயின் உடலிலிருந்த நஞ்சும் அதற்கெதிரான தயாரிப்பும் முட்டை வழியாக அந்தக் குஞ்சுகளுக்குப் போயிருக்கும்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் கில்லிமீன் என்ற சிறுமீனிடம் இது தெளிவாக நடந்திருக்கிறது. பிசிபி, டயாக்சின் போன்ற தொழிற்சாலை நச்சுக் கழிவுகள் நிறைந்த துறைமுகக் கழிமுகங்களில் அது வாழ்கிறது. சாதாரணக் கில்லிமீனைக் கொல்லும் அளவைவிடப் பல ஆயிரம் மடங்கு நஞ்சை அங்குள்ளவை தாங்குகின்றன. 2016இல் நானூறு மீன்களுக்கு நெருக்கமாக முழு மரபணுத் தொகுதியையும் படித்துப் பார்த்தார்கள். தனித்தனி ஊர்களில் வாழும் நான்கு கூட்டங்களிலும் பெரும்பாலும் ஒரே பாதைதான் மாறியிருந்தது. டயாக்சின் போன்ற பொருளை உணர்ந்து செல்லுக்குள் எச்சரிக்கை கொடுக்கும் ஏஹெச்ஆர் என்ற புரதத்தின் வேலை அவற்றில் மட்டுப்பட்டிருக்கிறது. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் வாழும் டாம்காட் மீனிலும் இதே வகைப் புரதம்தான் மாறியது. அந்தப் புரதத்துக்கான ஏஹெச்ஆர்-2 மரபணுவில் ஆறு டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போய், புரதத்தில் இரண்டு அமினோ அமிலங்கள் குறைந்திருப்பதை 2011இல் கண்டுபிடித்தார்கள்.

இதைக் கேட்டதும் இயற்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று தோன்றலாம். ஆனால் கில்லிமீன் கோடிக்கணக்கில் வாழ்வது, மரபு வேறுபாடும் மிக அதிகம். தேவையான மரபணு யாரிடமாவது ஏற்கெனவே இருப்பதற்கு அவ்வளவு பெரிய கூட்டம் வேண்டும். ஒரு கண்மாயில் சில ஆயிரம் கெண்டைகள் என்றால் அந்த வாய்ப்பு சொற்பம். தாங்குவதற்கு விலையும் உண்டு. வர்ஜீனியாவின் எலிசபெத் ஆற்றில் நஞ்சைத் தாங்கும் கில்லிமீன் குஞ்சுகளை ஆக்சிஜன் குறைந்த நீரில் விட்டபோது, அவை மற்ற குஞ்சுகளைவிடச் சீக்கிரம் செத்தன. சாக்கடை கலந்த கண்மாயில் விடியற்காலையில் வரும் பிரச்சினையே ஆக்சிஜன் குறைவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தாங்கும் மீனைத் தின்னும் உயிருக்கு என்ன ஆகும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. 1960களில் மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளை ஒட்டிய ஓடைகளில் கம்பூசியா மீன்கள் எண்ட்ரின் பூச்சிக்கொல்லியைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. சாகாமலே உடம்பில் அவ்வளவு மருந்தைச் சேர்த்துக்கொண்டதால், அவற்றைத் தின்ற பிராணிகள் செத்தன. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வந்து இறங்கும் கண்மாயில் மீன் உயிரோடு நீந்துவதை மட்டும் வைத்து நல்ல செய்தி என்று சொல்லிவிட முடியாது.

முன்பெல்லாம் அயிரை படி படியாகக் கிடைக்கும். இப்போது குழம்பு வைக்கத் தேட வேண்டியிருக்கிறது. ரசாயனம்தான் காரணமா?
– வாசகி, திருமங்கலம்

ரசாயனத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. மணல் அள்ளுவது, கண்மாய் வருடக்கணக்கில் வறண்டு கிடப்பது, வெளியிலிருந்து வந்த மீன்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அயிரைக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து இருக்கிறது. அது அடிமணலிலும் சேற்றிலும் வாழ்வது. உலோகங்களும் பல பூச்சிமருந்துகளும் நீரைவிட வண்டலோடு ஒட்டித்தான் அதிகம் தங்கும். மேலே தண்ணீர் தெளிந்த பிறகும் அயிரையின் வீட்டில் நஞ்சு இருக்கும்.

எண்ணிக்கை குறைவதைவிட எங்களுக்குக் கவலை தருவது அதன் மரபுக் கணக்கு. கண்மாயில் ஆயிரம் மீன் இருந்தாலும் அடுத்த தலைமுறைக்கு மரபைக் கொடுப்பவை அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் இந்த ‘செயல்படும் எண்ணிக்கை’ கிடைக்கும். 50 ஆண், 50 பெண் என்றால் 100. அதே நூறு மீனில் 10 ஆண், 90 பெண் என்றால் 36தான். பெண் ஹார்மோனைப் போல நடிக்கும் பொருள்கள் நீரில் கலந்தால் நடப்பது இதுதான். கனடாவின் ஒண்டாரியோவில் ஒரு சோதனை ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகள், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடயாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் உண்டானது, விந்தணு வளர்ச்சி கெட்டது, ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் ஏறக்குறைய அற்றுப்போனது. அதை இரையாகக் கொண்டிருந்த ஏரி டிரவுட் மீனும் குறைந்தது. கலப்பதை நிறுத்திய பிறகு சில வருடங்களில் சிறுமீன் மீண்டும் பெருகியது.

அடுத்தது, மோசமான ஒரு வருடத்தின் பாரம். மூன்று வருடம் தலா 1000 மீன், ஒரே ஒரு வருடம் மட்டும் கழிவு வந்து 10 மீன்தான் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். நாம் போடும் சாதாரண சராசரி 752 என்று வரும். மரபியலில் தலைகீழ் எண்களின் (1/1000, 1/10) சராசரியை எடுத்து, அதை மறுபடி தலைகீழாக்க வேண்டும். அதன்படி நான்கு வருடத்துக்கும் சேர்த்துச் செயல்படும் எண்ணிக்கை சுமார் 39! நடுவில் அற்றுப்போன மரபணுக்கள், பிறகு எத்தனை ஆயிரம் குஞ்சு பொரித்தாலும், மிஞ்சிய பத்து மீனிடமிருந்து திரும்பி வராது. அடுத்த கண்மாயிலிருந்து மறுகால் வழியாகப் புது மீன் வந்தால்தான் வரும். வரத்துக் கால்வாய் அடைபட்ட கண்மாயில் ஒருமுறை மீன் சாவது இத்தனை பெரிய இழப்பாவதற்குக் காரணம் இதுவே.

மல்லிகையில் மொட்டுப்புழுவுக்கு எந்த மருந்தும் கேட்க மாட்டேன் என்கிறது. அளவைக் கூட்டி அடித்தும் பார்த்துவிட்டோம். போலி மருந்தா?
– விவசாயி, உசிலம்பட்டி

போலியும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் புழுவின் கணக்கைப் பாருங்கள். தோட்டத்தில் 10,000 புழுக்கள், அவற்றில் 10 மட்டும் மருந்தைத் தாங்குபவை என்று கொள்வோம். மருந்து மற்றவற்றில் 95 சதவீதத்தைக் கொன்றால் மிஞ்சுவதில் தாங்குபவை 2 சதவீதம். அடுத்த தலைமுறையிலும் அதே மருந்து என்றால் 29 சதவீதம். அதற்கடுத்த முறை 89 சதவீதம். தாங்கும் பண்பு அப்படியே பிள்ளைகளுக்குப் போகிறது என்று எளிமையாக வைத்துக்கொண்ட கணக்கு இது. ஆனாலும் முதல் இரண்டு முறை ‘மருந்து அருமையாகக் கேட்டது’ என்று தோன்றி, மூன்றாம் முறை தடுமாறி, நான்காம் முறை கைவிரிப்பது ஏன் என்பது இதில் விளங்கும்.

கடையில் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் மருந்து மாறியிருக்காது, இதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. குளோர்பைரிஃபாஸ், குயினால்பாஸ், புரோஃபெனோபாஸ் மூன்றும் ஒரே வகை, புழுவின் நரம்பில் ஒரே நொதியைத் தாக்குபவை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் இன்னொரு வகை. இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சாம், அசிட்டாமிபிரிட் மற்றொரு வகை. ஸ்பினோசாட், எமாமெக்டின் பென்சோயேட் இரண்டும் தனித்தனி வகைகள். டப்பாவில் பெரிதாக அச்சிட்ட வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிதாக இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள். அதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு தலைமுறைப் புழுவுக்கு ஒரு வகை, அடுத்த தலைமுறைக்கு வேறு வகை. ஒரே தலைமுறைக்குள் இரண்டு மூன்று வகையைக் கலந்து அடித்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாங்கும் புழுவைத்தான் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். உங்கள் பயிருக்குப் பரிந்துரைக்கப்பட்டதா என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவைக் கூட்டினால் தாங்கும் புழு சாகாது, சிலந்தியும் குளவியும் இரைதின்னிப் பேனும்தான் சாகும். சைபர்மெத்ரின் வகையான பைரித்ராய்டு அடித்த பிறகு சிவப்புச் சிலந்தி எனப்படும், இலைச்சாறு உறிஞ்சும் பேன் பெருகுவதற்கு இதுவே முக்கியக் காரணம். புழுவின் எதிரிகள் எண்ணிக்கையில் குறைவு, இனப்பெருக்கமும் மெதுவாக நடக்கும், அதனால் தாங்கும் ஆற்றல் அவற்றுக்குப் பின்தங்கியே வரும்.

வேப்பங்கொட்டைக் கரைசலை இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள். 10 லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பு. இடித்து, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்க்கவும். பழைய, பூசணம் பிடித்த கொட்டை வேலை செய்யாது. வெயிலில் இதன் சத்து சிதைவதால் சாயங்காலம் அடிக்க வேண்டும், ஊறவைத்ததை மறுநாளே தீர்த்துவிட வேண்டும்.

கல்லூரித் திட்டப்பணிக்காகத் தோல் கழிவு கலந்த குளத்து நீர் மரபணுவைப் பாதிக்கிறதா என்று சோதிக்க விரும்புகிறோம். குறைந்த செலவில் வழி உண்டா?
– முதுநிலை மாணவியர், திண்டுக்கல்

உண்டு, உங்கள் ஊர் மண்டியிலேயே கிடைக்கிறது: சின்ன வெங்காயம். 16 குரோமோசோம்கள், எல்லாம் பெரியவை, சாதாரண நுண்ணோக்கியில் நன்றாகத் தெரியும்.

நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். அதே நீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து அன்றே தொடங்குங்கள். கார அமிலத் தன்மையையும் உப்பின் அளவையும் அளந்து எழுதுங்கள். தோல் கழிவில் குரோமியத்தோடு உப்பும் ஏராளம். உப்பு மட்டுமே வேரைக் குட்டையாக்கிவிடும், அதைப் பார்த்து மரபணு நச்சு என்று எழுதிவிடக் கூடாது. எனவே நீரை முழுதாக, பாதியாக, கால் பங்காக நீர்த்து வைப்பதோடு, அதே அளவு சமையல் உப்பு கரைத்த நல்ல நீரையும் ஒரு வரிசையாக வையுங்கள். ஒப்பீட்டுக்குக் குளோரின் இல்லாத நல்ல நீர் வேண்டும். கழிவு சேருமிடத்துக்கு மேலே உள்ள கண்மாய் நீரும் இருந்தால் நல்லது.

ஒரே அளவு வெங்காயம், ஒவ்வொரு நீருக்கும் குறைந்தது ஐந்து. நான்கைந்து கூடுதலாக வைத்து, முளைக்காதவற்றைக் கழித்துவிடுங்கள். காய்ந்த தோலை உரித்து, அடித்தட்டில் உள்ள பழைய வேரைப் பிளேடால் சுரண்டுங்கள். ஓரத்தில் வளையமாக இருக்கும் வேர் மொட்டுகளைத் தொட்டுவிடாதீர்கள். அடித்தட்டு மட்டும் நீரில் படும்படி சிறு குவளைமேல் உட்கார வையுங்கள். வெளிச்சம் இல்லாத, குளிர்ச்சியான அறை. தினமும் நீரை மாற்றுங்கள். சித்திரை வைகாசியில் மதுரை, திண்டுக்கல் அறை வெப்பமே வேரின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால் மார்கழி, தை உகந்தது.

இரண்டாம் நாள் முடிவில் காலையில் வேர் நுனிகளை வெட்டுங்கள். செல் பிரிதல் காலையில் அதிகம், மாலையில் வெட்டிவிட்டு ‘எதுவும் பிரியவில்லை, நீர் கடும் நஞ்சு’ என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. எத்தனால் மூன்று பங்கு, கிளேஷியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலில் ஒரு நாள் வைத்து, பிறகு 70 சதவீத எத்தனாலில் குளிர்பெட்டியில் வைக்கலாம். பார்க்கும்போது ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நுனியை மட்டும் அசிட்டோகார்மினில் சாயமேற்றி, மூடித்தகட்டின் மேல் மை ஒற்றும் தாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்திருந்தால் அமிலத்தில் வைத்த நேரம் போதவில்லை. தகடு நகர்ந்தால் குரோமோசோம் உடைந்தது போலத் தெரியும்.

வெங்காயத்துக்கு ஆயிரம் செல் எண்ணுங்கள். எத்தனை சதவீதம் பிரிகிறது என்பது ஒரு கணக்கு. பிரியும் செல்களில் குரோமோசோம் பாலம், பின்தங்கிய துண்டு, ஒட்டிக்கொண்ட திரள் எத்தனை என்பது இன்னொன்று. எல்லாச் செல்களிலும் முதன்மை உட்கருவுக்கு வெளியே தனியாக நிற்கும் நுண் உட்கரு எத்தனை என்பது மூன்றாவது. எந்தத் தகடு எந்த நீர் என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. தோழி ஒருவர் எண் ஒட்டி மறைத்துக் கொடுக்கட்டும்.

கிடைப்பதை அளவோடு எழுதுங்கள். குரோமோசோமை உடைக்கவல்ல ஏதோ ஒன்று நீரில் இருக்கிறது என்பதே இந்தச் சோதனை சொல்வது. குளத்து மீன்களின் மரபு மாறிவிட்டது என்று அது சொல்லாது. உடல் செல்லில் வரும் உடைப்பு அந்த உயிரோடு போய்விடும். முட்டையிலோ விந்திலோ வந்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அதற்கும் சான்று உண்டு. கனடாவின் ஹாமில்டனில் இரும்பாலைகளுக்கு அருகே எலிகளைப் பத்து வாரம் வைத்திருந்து, பிறகு பிறந்த குட்டிகளைச் சோதித்தார்கள். நுண்துகள் வடிகட்டிய காற்றைச் சுவாசித்த எலிகளின் குட்டிகளில் மரபு வழி வந்த சடுதி மாற்றங்கள் (மரபணுவில் திடீரென நேரும் மாற்றங்கள்) 52 சதவீதம் குறைவாக இருந்தன. 2004இல் வெளிவந்த முடிவு இது.

கொசு மருந்தைத் தாங்கப் பழகியது. கழுகுகளுக்கு ஏன் அது முடியவில்லை?
– வாசகர், வாடிப்பட்டி

நீங்கள் கேட்பது பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் பற்றி. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. வெண்முதுகுப் பாறு 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நூறில் ஒரு சடலத்துக்கும் குறைவாகவே மருந்து இருந்தாலும் அந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொசு ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், சில வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். பாறு வருடத்துக்கு ஒரே முட்டை, அதுவும் நான்கைந்து வயதான பிறகு. தாங்கும் மரபணு ஒன்றிரண்டு பறவைகளிடம் இருந்திருந்தாலும் அது பரவுமுன் கூட்டமே போய்விடும்.

தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றுக்கு உங்களால் செய்ய முடிந்தது இருக்கிறது. கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006லேயே தடை. மனிதர்களுக்கான ஊசியை மாட்டுக்குப் போடுவதும் சட்டப்படி தவறு. அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டும் 2023இல் தடைசெய்யப்பட்டன. மருத்துவரிடம் மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபெனாமிக் அமிலம் எழுதித்தரக் கேளுங்கள், அவை பாறுகளைக் கொல்வதில்லை.

எங்கள் கண்மாயைத் தூர்வாரப் போகிறோம். கழிவையும் நிறுத்திவிட்டோம். பழைய உயிர்கள் திரும்புமா? என்ன கவனிக்க வேண்டும்?
– நீரைப் பயன்படுத்துவோர், திருப்பரங்குன்றம் வட்டாரம்

கழிவை முதலில் நிறுத்தியது சரியான வரிசை. இனி வண்டலில் கைவைக்குமுன் யோசியுங்கள், அதில்தான் நஞ்சும் இருக்கிறது, பழைய மரபும் இருக்கிறது. டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு போன்றவை வறட்சியைத் தாங்கும் முட்டைகளைச் சேற்றில் விடும், அவை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரியில் பாஸ்பேட் பெருகி நச்சுப் பாசி வந்த காலத்துக்கு முந்தைய, பிந்தைய முட்டைகளைச் சேற்றிலிருந்து எடுத்துப் பொரிக்கவைத்து, பாசியைத் தாங்கும் ஆற்றல் பத்து வருடத்துக்குள் எப்படிக் கூடியது என்று 1999இல் காட்டினார்கள். உங்கள் கண்மாயின் சேற்றிலும் அப்படிக் கழிவுக்கு முந்தைய தலைமுறை உறங்கிக்கொண்டிருக்கலாம். குஞ்சு மீன்களின் முதல் உணவே இவைதான்.

ஆகவே முதலில் சோதனை. கழிவு நுழையும் வாய், நடுப்பகுதி, மடையடி, கலுங்கு என்று தனித்தனியாக, ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு புள்ளிகளில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைத்து, குரோமியம், காட்மியம், ஈயம் பார்க்கக் கொடுங்கள். எல்லா இடத்தையும் ஒரே பையில் கலந்துவிட்டால், வாய்க்காலடியில் இருக்கும் நஞ்சு சராசரியில் மறைந்துவிடும். அளவு மீறிய பகுதியின் வண்டலை வயலுக்கு அனுப்பக் கூடாது. சுத்தமான பகுதியில் கால்வாசி இடத்தையாவது தோண்டாமல் விடுங்கள்.

மீனைப் பொறுத்தவரை, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுவதால் பழைய மரபு திரும்பாது. அவை கங்கைப் படுகையின் மீன்கள். அயிரையும் கெண்டையும் வேண்டுமானால் அதே கண்மாய்ச் சங்கிலியில் மேலே இருக்கும் நல்ல கண்மாய்கள் இரண்டு மூன்றிலிருந்து கொண்டுவாருங்கள். ஒரே வலைவீச்சில் பிடித்தவை உடன்பிறப்புகளாக இருக்கக்கூடும், அதனால் பல இடத்தில், பல நாளில் பிடியுங்கள். உடனடி உள்ளினச் சேர்க்கையை, அதாவது நெருங்கிய உறவு மீன்கள் இணைவதை, தவிர்க்கச் செயல்படும் எண்ணிக்கை 50 என்றும், நீண்டகாலத்துக்கு 500 என்றும் மரபியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. எல்லா மீனும் இனம் பெருக்குவதில்லை என்பதால் இரு மடங்கு, மும்மடங்கு விடுவது பாதுகாப்பு. பிடித்த கூட்டத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகே விடுங்கள். புரட்டாசிக்குள் தோண்டும் வேலையையும் வரத்துக் கால்வாய் அடைப்பு நீக்கும் வேலையையும் முடித்துவிட்டால், ஐப்பசி மழையின் முதல் தண்ணீர் தோண்டாமல் விட்ட சேற்றை நனைக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, நீர்த்தெள்ளு பெருகிய பிறகு மீனை விடலாம்.